மூக்குக் கண்ணாடியில் சிக்கிய விண்வெளி விருந்தாளி!

நீங்க சோடாபுட்டி பார்ட்டியா? அப்போ கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். உங்க மூக்கு மேல உட்கார்ந்திருக்கிற பிளாஸ்டிக் லென்ஸோட சொந்தக்காரர் ஒருத்தர் விண்வெளிக்கே போய் வந்திருக்கார். பேர், சி.ஆர்-39!

காஸ்மிக் கதிர் என்று பேர்தானே தவிர, அவை துகள்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வெறும் புரோட்டான். மிச்சத்தில்தான் ஹீலியம், ஆக்சிஜன், இரும்பு எல்லாம். இந்த வெயிட் பார்ட்டிகளில் வேகம் குறைந்தவை நம் காற்று மண்டலத்தைத் தாண்டி வராது. பிடிக்கணும்னா நாமதான் மேலே போகணும்.

போனார்கள், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள். பேராசிரியர் சுகுமார் பிஸ்வாஸ் தலைமையில் அவர்கள் செய்த கருவிக்குப் பெயர் 'அனுராதா'. (ஹீரோயின் இல்லீங்க, நம்ம அனுஷ நட்சத்திரத்துக்கு வடக்கே அதான் பேர்!) 1985 ஏப்ரல் 29 அன்று சேலஞ்சர் விண்கலத்தில் கிளம்பியது. உள்ளே, அடுக்கடுக்காக சி.ஆர்-39 தகடுகள்.

கனமான அயனி ஒன்று தகட்டைத் துளைத்துப் போகும்போது, வழியில் இருக்கும் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாது. சூடான காஸ்டிக் சோடா கரைசலில் மணிக்கணக்கில் ஊறப்போட்டால், காயம்பட்ட இடம் மட்டும் சீக்கிரம் கரைந்து கூம்பு மாதிரி குழி விழும். குழியின் அளவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வந்தது ஆக்சிஜனா, இரும்பா என்று சொல்லிவிடலாம். வேகமாகப் பாயும் புரோட்டான்கள் தடமே விடாது. கூட்டத்தைத் தானே வடிகட்டிவிடும் கில்லாடி!

ஆனா பாஸ், பிளாஸ்டிக்குக்கு மணி பார்க்கத் தெரியாதே? அங்கேதான் செம ஐடியா. ஓர் அடுக்கை அசையாமல் வைத்து, இன்னோர் அடுக்கை மெதுவாகச் சுழல விட்டார்கள். இரண்டிலும் இருக்கும் தடத்தைப் பொருத்திப் பார்த்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால், அயனி வந்த நேரம் கிடைத்துவிடும். நேரம் தெரிந்தால், விண்கலம் அப்போது பூமிக்கு மேலே எங்கே இருந்தது என்பதும் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல். ரிசல்ட் ரேடியோவில் வராது. தகடே திரும்பி வந்தாகணும். மே 6 அன்று சேலஞ்சர் பத்திரமாகத் தரை இறங்கியது. அதே சேலஞ்சர்தான் 1986 ஜனவரி 28 அன்று, கிளம்பிய 73 விநாடிகளில் ஏழு பேரோடு சிதறிப்போனது. நடுவில் ஒன்பதே மாதம்.

இவ்வளவு மெனக்கெட்டது எதுக்கு? 'அனாமலஸ்' என்று 1970-களில் பேர் வாங்கிய குறைந்த ஆற்றல் காஸ்மிக் துகள்கள் எங்கிருந்து வருகின்றன என்பது பெரிய கேள்வி. எலெக்ட்ரானை எல்லாம் இழந்த அயனியைப் பூமியின் காந்தப்புலம் பலமாக வளைத்து விரட்டிவிடும். ஒன்றிரண்டு மட்டும் இழந்தது அதே ஆற்றலில் வந்தாலும் தப்பித்து உள்ளே நுழையும். மற்றவை வரவே முடியாத இடத்தில் அனுராதாவில் ஆக்சிஜன் தடங்கள் பதிந்திருந்தன. எட்டு எலெக்ட்ரானில் ஒன்றை மட்டுமே அவை பறிகொடுத்திருந்தன. அதாவது, நட்சத்திரங்களுக்கு நடுவே சும்மா மிதந்த அணு, சூரியக் குடும்பத்துக்குள் வந்து, சூரியனிடம் ஒரு எலெக்ட்ரானை இழந்து, அப்புறம் வேகம் பிடித்து வந்திருக்கிறது என்று 1974-ல் விஞ்ஞானிகள் போட்ட கணக்குக்கு அது பொருந்தி வந்தது.