உங்களுக்குத் தெரியுமா? வேர்ச் சிகிச்சை பல்லை நொறுக்குவதில்லை

ரூட் கனால் செய்த பல் காய்ந்த விறகு போல உடைந்துவிடும் என்பது பலருடைய பயம். உண்மை வேறு. 1989இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகிய ஆய்வாளர்கள் பிடுங்கிய பற்களில் அளந்து பார்த்தார்கள். வேர்ச் சிகிச்சைக்கான துளையால் பல்லின் விறைப்பு சுமார் 5 சதவீதமே குறைந்தது. பக்கத்துப் பற்களைத் தொடும் இரு விளிம்புகளையும் வெட்டி எடுத்தபோதோ 63 சதவீதம்!

கந்தப்பளையின் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலானபோது உள்ளே அறைகள் வந்தன, வெளிக்கூடு நின்றது. பல்லுக்கும் கூடுதான் பலம்.

அதனால் சிகிச்சைக்குப் பிறகு என்ன போடுகிறோம் என்பதே பெரிய கேள்வி. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கிரவுன் எனும் மேலுறை போடாத பற்களை மக்கள், போட்டவற்றைவிட 6 மடங்கு வேகத்தில் இழந்திருந்தார்கள். அதிகம் சேதமில்லாத முன்பல்லுக்குச் சாதாரண அடைப்பே போதும். வேருக்குள் இறக்கும் கம்பி பல்லைப் பலப்படுத்தும் என்பதும் தப்புக்கணக்கு. மேலே கட்டும் அடைப்பைப் பிடித்துவைப்பதே அதன் வேலை. ஈறுக்கு மேல் சுற்றிவர 2 மில்லிமீற்றர் சொந்தப் பல் மிஞ்சியிருந்தால், கிரவுன் அதைப் பீப்பாய் வளையம் போல இறுக்கிப் பிடிக்கும்.

மலையில் கொழுந்து பறிக்கிற கைகளுக்கு வெற்றிலைப் பை பழகிய துணை. தற்காலிக அடைப்போடு இருக்கும் கடைவாய்ப்பல்லில் கொட்டைப்பாக்கைக் கடித்தால் அது ஆப்பு போல இறங்கும். விரிசல் வேர்வரை ஓடிவிட்டால் பெரும்பாலும் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும். கிரவுன் ஏறும்வரை பாக்கு மறுபக்கம் போகட்டும்.