நிரல் தேடல்

நிரல் தேடல் என்பது மென்பொருள் களஞ்சியங்களில் உள்ள மூலநிரல்களுள் வேண்டிய சொல்லையோ குறியீட்டையோ வினவல் மூலம் கண்டறியும் முறை ஆகும். கூகுள் நிறுவனம் 2006 முதல் 2012 வரை இதற்கெனத் தனிச் சேவையொன்றை நடத்தியது. கிட்ஹப் தளத்தின் புதிய நிரல் தேடல் 2023 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

வினவல் அமைப்பு

கிட்ஹப்பில் இடைவெளி விட்டு எழுதப்படும் சொற்கள் யாவும் ஒரே கோப்பில் இருத்தல் வேண்டும். 'ஆர்' என்பது இரண்டில் ஒன்று இருப்பினும் ஏற்கும். 'நாட்' என்பது அடுத்து வரும் சொல்லைக் கொண்ட கோப்புகளை விலக்கும். 'லாங்குவேஜ்', 'பாத்', 'ரெப்போ' ஆகியவை முறையே நிரல்மொழி, கோப்பின் இருப்பிடம், களஞ்சியம் என்பவற்றால் தேடலைச் சுருக்கும். எழுத்து வேறுபாடுகளைச் சாய்கோடுகளுக்கு இடையே சுருங்குறித்தொடராக எழுதலாம்.

எடுத்துக்காட்டு

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து செயற்படத் தொடங்கியது. அதற்கு முன் எழுதப்பட்டுத் திருத்தப்படாத மாவட்டப் பட்டியல்களில் இப்பெயர் இராது. அவற்றைப் பயன்படுத்தும் இணையப் படிவங்களில் இம்மாவட்டத்தின் கல்வராயன் மலைச் சிற்றூர் மக்கள் தம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது.

விழுப்புரம், நீலகிரி ஆகிய பெயர்களுடன் 'நாட்' சேர்த்துக் கள்ளக்குறிச்சியை விலக்கித் தேடினால் அத்தகைய பட்டியல்கள் வெளிப்படும். ஆங்கில எழுத்துக்களில் கள்ளக்குறிச்சியின் ககரம் ஒற்றையாகவும் இரட்டையாகவும் எழுதப்படுவதால் இரு வடிவங்களையும் விலக்குதல் வேண்டும். இல்லையெனில் திருத்தப்பட்ட பட்டியல்களும் விடையில் கலந்துவிடும்.

வரம்புகள்

இத்தேடலுக்குப் புகுபதிகை தேவை. களஞ்சியத்தின் முதன்மைக் கிளை மட்டுமே தேடப்படும். மிகப் பெரிய கோப்புகள் விடுபடும். எனவே விடை கிடைக்காமை பிழை இல்லை என்பதற்குச் சான்றாகாது. பழைய பதிப்புகளை ஆராயக் களஞ்சியத்தைக் கணினியில் படியெடுத்து 'கிட் லாக்' கட்டளையைப் பயன்படுத்தலாம்.