முதுகில் மண் ஒட்டக் கூடாது!

‘குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டலை’ என்று நம்மூரில் ஒரு பழமொழி உண்டு. தோற்றதை ஒத்துக்கொள்ளாத ஆசாமிகளைக் கிண்டல் பண்ணுவதற்காகச் சொல்வது. மல்யுத்தக் கணக்குப்படி பார்த்தால் அந்த ஆசாமி பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது ஸார்! குப்புற விழுந்து, மீசையில் ஒரு மூட்டை மண் ஒட்டினாலும் ஆட்டம் முடியாது. மல்லாந்து விழுந்து முதுகில் மண் ஒட்டினால்தான் க்ளோஸ்.

இந்த சூட்சுமத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் என் அக்கா பையன். அப்போது அவனுக்கு வயசு பதினாறு. இருப்பது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில், ஒரு சின்ன ஊர். கோடையில் பார்க்கிற பக்கமெல்லாம் சோளக்கொல்லை. குளிர்காலத்தில் பார்க்கிற பக்கமெல்லாம் பனி. 2024 ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு போய் ஒரு மாசம் அங்கே இருந்தேன்.

“பையன் ஸ்கூல்ல என்ன விளையாடறான்?” என்று கேட்டேன்.

“ரெஸ்லிங்” என்றாள் அக்கா, ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று சொல்கிற குரலில்.

ரெஸ்லிங் என்றதும் நமக்கு டி.வி. ஞாபகம்தான் வரும். அண்டர்டேக்கர், கண்ணை உருட்டல், இரும்பு நாற்காலியால் முதுகில் ஒரு போடு. பள்ளிக்கூட மல்யுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது நாடகம். இது நிஜம். அமெரிக்காவில் 2023-24 பள்ளி ஆண்டில் பையன்கள் மட்டும் சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் பேர் பள்ளி அணிகளுக்காக மல்யுத்தம் செய்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் 60 ஆயிரத்துக்கும் மேல். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனே இளம் வயதில் மல்யுத்த வீரர்தான்!

ஒரு ஆட்டம் ஆறே நிமிஷம். இரண்டு இரண்டு நிமிஷமாக மூன்று சுற்று. எதிராளியின் இரண்டு தோள்பட்டையையும் விரிப்பில் இரண்டு விநாடி அழுத்திப் பிடித்துவிட்டால் ‘பின்’. அத்தோடு ஆட்டம் முடிந்தது. ‘ஆறு நிமிஷம்தானா? நம்ம ஆபீஸ்ல காபி ஆறவே அதுக்கு மேல ஆகுமே’ என்று நினைக்காதீர்கள். காலை எட்டே முக்கால் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரத்தில் ஏறி, சைதாப்பேட்டையில் இறங்க முயற்சி செய்தவர்களுக்கு அந்த ஆறு நிமிஷத்தின் அருமை தெரியும்.

சர்க்கரைப் பொங்கலும் தராசும்

மொத்தம் 14 எடைப் பிரிவுகள். 106 பவுண்டில் (48 கிலோ) ஆரம்பித்து 285 பவுண்ட் (129 கிலோ) வரை. நம்ம பையன் 126 பவுண்ட் பிரிவு. அதாவது 57 கிலோ. வீட்டுச் சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிட்டால் அவன் 60 கிலோ. அந்த மூன்று கிலோவுக்காக நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வீட்டில் ஒரு குருக்ஷேத்திரம்.

காலை ஐந்தரைக்கு எழுந்து ஓட்டம். வெளியே மைனஸ் 15 டிகிரி. சாயங்காலம் பள்ளி விட்டதும் இரண்டு மணி நேரம் பயிற்சி. வீட்டுக்கு வந்தால் வேகவைத்த கோழி, கொஞ்சம் கீரை. குளியலறையில் ஒரு தராசு. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, நடுவில் சந்தேகத்துக்கு ஒரு தடவை ஏறி நிற்பான். அவன் முகத்தைப் பார்த்தே அக்கா அன்றைய சமையலைத் தீர்மானிப்பாள்.

பொங்கல் திங்கள்கிழமை வந்தது. அம்மா முந்திரி, திராட்சை, நெய் மிதக்க சர்க்கரைப் பொங்கல் செய்தாள். பையன் கிண்ணத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாக மோந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான்.

“ஸாரி பாட்டி. வியாழக்கிழமை வெயிட் பார்ப்பாங்க.”

“வளர்ற புள்ளையப் பட்டினி போடறது எந்த ஊரு நியாயம்டா?” என்று அம்மா என் பக்கம் திரும்பினாள், ஏதோ அமெரிக்க விளையாட்டுத் துறைக்கு நான்தான் செக்ரட்டரி மாதிரி.

அம்மாவின் கேள்வியை அந்த ஊர்க்காரர்களே கேட்கவேண்டிய நாள் ஒன்று வந்தது. 1997 நவம்பர், டிசம்பரில், ஐந்தே வாரத்துக்குள், வட கரோலினா, விஸ்கான்ஸின், மிஷிகன் என்று மூன்று மாநிலங்களில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் செத்துப்போனார்கள். எடை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல், வியர்வை கொட்டுவதற்காக ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு உடற்பயிற்சி செய்ததன் விளைவு. எதிராளி யாரும் அவர்களைக் கொல்லவில்லை. தராசு கொன்றது.

அதற்கப்புறம்தான் விழித்துக்கொண்டார்கள். 1998-ல் கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடுப்பு, நீராவி அறை எல்லாவற்றுக்கும் தடை. 2006-07 முதல் பள்ளிகளுக்கும் எடை விஷயத்தில் கண்டிப்பான விதிகள். சீஸன் ஆரம்பத்தில் சிறுநீரைச் சோதித்து, உடம்பில் போதுமான நீர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு கொழுப்பை அளக்கிறார்கள். பையனுக்கு 7 சதவீதத்துக்குக் கீழே, பெண்ணுக்கு 12 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிற மாதிரி எடை குறைக்க அனுமதி இல்லை. வாரத்துக்கு ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. 60 கிலோ பையன் என்றால் வாரத்துக்கு 900 கிராம்தான். தியாகத்துக்கும் தற்கொலைக்கும் நடுவே ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்கு மூன்று உயிர் விலை.

பெரியவர்கள் ஆடுகிற இடத்தில் அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. அதே 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் நம்ம வினேஷ் போகட், 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டி அன்று காலையில் 100 கிராம் அதிகம் என்று வெளியேற்றப்பட்டது நினைவிருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், முடியைக்கூட வெட்டிப் பார்த்தும் தீராத 100 கிராம். அவரோடு மோதியிருக்க வேண்டிய அமெரிக்காவின் சாரா ஹில்டப்ராண்ட் தங்கம் வாங்கினார். அன்றைக்கு எனக்கு போன் பண்ணினான் பையன். “மாமா, அந்த நைட் எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும்” என்றான். வேறு எதுவும் பேசவில்லை.

முதல் எதிரி சொந்தக்காரன்!

கிரிக்கெட்டில் கேட்ச்சை விட்டால் வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லலாம். கால்பந்தில் பாஸ் சரியாக வரவில்லை என்று சொல்லலாம். இங்கே எந்தப் பழியையும் யார்மேலும் போட முடியாது. வட்டத்துக்குள் இரண்டே பேர். ஒருத்தன் நீ.

அதற்கு முன்னால் இன்னொரு சங்கடம். ஒரு எடைப் பிரிவுக்குப் பள்ளியிலிருந்து ஒருத்தனுக்குத்தான் இடம். இடம் வேண்டுமென்றால் சொந்த டீமிலேயே ஆடி ஜெயிக்கவேண்டும். நம்ம பையனுக்குப் போட்டி, இரண்டாம் வகுப்பிலிருந்து கூடப் படிக்கிற சிநேகிதன். மத்தியானம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். சாயங்காலம் ஒருத்தன் இன்னொருத்தன் கழுத்தைப் பிடித்து மடக்குவான். தோற்றவன் அடுத்த நாளிலிருந்து ஜெயித்தவனுக்குப் பயிற்சித் துணை. தன்னைத் தோற்கடித்தவனைத் தேற்றி மேலே அனுப்புவதுதான் அவன் வேலை! நம்ம ஆபீஸில் பிரமோஷன் கிடைக்காதவன், கிடைத்தவனுக்கு ஃபைல் தூக்கிக் கொடுப்பதைக் கற்பனை செய்து பாருங்கள். ம்ஹூம்.

தோற்பதற்காக ஒரு தியாகம்

அந்த வியாழக்கிழமை பக்கத்து ஊர்ப் பள்ளியோடு போட்டி. பள்ளியின் ஜிம்னேஸியம் நிரம்பி வழிந்தது. விவசாயி, டீச்சர், மளிகைக்கடைக்காரர் என்று ஊரே அங்கேதான். பையன் தராசில் ஏறினான். 126-க்குக் கொஞ்சம் கீழே. அப்பாடா!

அப்போதுதான் பிரச்னை முளைத்தது. அடுத்த பிரிவான 132 பவுண்டில் ஆடவேண்டிய பையனுக்குத் தோளில் படர்தாமரை. உடம்போடு உடம்பு உரசுகிற ஆட்டம் என்பதால், போட்டிக்கு முன் தோலைச் சோதிப்பார்கள். தொற்று என்றால் வெளியே நிற்க வேண்டியதுதான். அவன் அவுட். ஆள் இல்லாமல் விட்டால் எதிரணிக்குச் சும்மாவே 6 பாயிண்ட்.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். பின் பண்ணி ஜெயித்தால் டீமுக்கு 6 பாயிண்ட். பின் பண்ணாமல், எட்டுக்குக் குறைவான புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால் 3 பாயிண்ட்தான். ஆக, தோற்கப் போகிறவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதுகு படாமல், வித்தியாசம் பெரிசாகாமல் தோற்றால், டீமுக்கு 3 பாயிண்ட் மிச்சம்!

கோச் நம்ம பையனைப் பார்த்தார். விதிப்படி ஒரு பிரிவு மேலே ஏறி ஆடலாம். 126-ல் அவன் சிநேகிதன் இறங்குவான். 132-ல் எதிரே நிற்பவன் போன வருஷம் மாநிலப் போட்டி வரைக்கும் போனவன். 126-ல் ஆடினால் நம்மவன் ஜெயிப்பது ஏறக்குறைய நிச்சயம். 132-ல் தோற்பது நிச்சயம். அந்தத் தோல்வி அவன் கணக்கில்தான் எழுதப்படும். அடுத்த மாசம் மாவட்டப் போட்டியில் யாரோடு மோதுவது என்பதை முடிவு செய்வதும் அந்தக் கணக்குதான். இதற்காகத்தான் சர்க்கரைப் பொங்கலை மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

“நான் போறேன்” என்று தலையாட்டிவிட்டு, காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டான்.

முதல் சுற்றிலேயே இரண்டு தடவை கீழே விழுந்தான். இரண்டாவது சுற்றில் எதிராளி அவனை மல்லாக்கப் புரட்டிவிட்டான். நம்மவன் தலையையும் காலையும் ஊன்றி, முதுகைப் பாலம் மாதிரி வளைத்துத் தூக்கிக்கொண்டு கிடந்தான். நடுவர் தரையோடு தரையாகப் படுத்து, தோளுக்கும் விரிப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிறார். அக்கா என் கையைப் பிடித்த பிடியில் என் வாட்ச் கண்ணாடி விரிசல் விட்டது. அம்மா மட்டும் சத்தமாக, “எழுந்திருடா கண்ணா!” என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. முதுகு படவில்லை.

கடைசியில் 7-க்கு 2 என்று தோற்றான். நடுவர் எதிராளி கையைத் தூக்கினார். நம்மவன் வழக்கப்படி எதிர் டீம் கோச்சிடம் போய்க் கை கொடுத்துவிட்டு வந்தான். அப்போது அந்த ஜிம்னேஸியத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தோற்றவனுக்கு! எல்லா ஆட்டமும் முடிந்தபோது ஸ்கோர் 34–33. ஒரே ஒரு பாயிண்டில் நம்ம டீம் ஜெயித்தது. அந்த 3 பாயிண்ட் எங்கிருந்து வந்தது என்று ஊருக்கே தெரியும்.

கேபிள் என்ற சாமி

அயோவாக்காரர்களிடம் மல்யுத்தம் பற்றிப் பேசினால் ஐந்தாவது நிமிஷம் டான் கேபிள் என்ற பெயர் வந்துவிடும். வாட்டர்லூ என்ற ஊர்க்காரர். 1964-ல், அவருக்கு 15 வயசானபோது, ஒரே அக்காவை வீட்டிலேயே யாரோ கொலை செய்துவிட்டார்கள். சிதைந்துபோன அந்தக் குடும்பத்துக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. பையனின் மல்யுத்தம் அதுவாக ஆனது. பள்ளியில் ஆடிய 64 ஆட்டத்திலும் வெற்றி. மூன்று முறை மாநில சாம்பியன். கல்லூரியிலும் வரிசையாக வெற்றி. ஆனால் 1970-ல், கல்லூரி வாழ்க்கையின் கடைசி ஆட்டத்தில், லாரி ஓவிங்ஸ் என்பவரிடம் 13–11 என்று தோற்றுப்போனார். இரண்டு வருஷம் கழித்து, 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ஸில் எதிராளி யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம்!

ஜார்ஜியா மாநிலத்து கைல் மேனார்ட் கதை வேறு மாதிரி. பிறவியிலேயே முழங்கைக்குக் கீழே கை இல்லை. முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. ஆரம்பத்தில் 35 ஆட்டம் வரிசையாகத் தோல்வி. விடவில்லை மனிதர். பள்ளியின் கடைசி வருஷத்தில் 36 வெற்றி.

இவர்கள் பெயரெல்லாம் நமக்குத் தெரிகிறது. பெயர் தெரியாதவர்கள்தான் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். நம்ம பையனும் அதில் ஒருத்தன். பிப்ரவரியில் மாவட்டப் போட்டியோடு அவன் சீஸன் முடிந்தது. டெ மொய்ன் நகரில் நடக்கிற மாநிலப் போட்டியில், பரிசு பெறுகிறவர்கள் இறுதிக்கு முன் அரங்கத்தைச் சுற்றி அணிவகுத்து வருவார்கள். ‘கிராண்ட் மார்ச்’ என்று பெயர். அதை அவன் காலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், கையில் பெரிய பாப்கார்ன் பொட்டலத்தோடு. பக்கத்தில் அந்த 126 பவுண்ட் சிநேகிதன்.

“அவ்வளவு கஷ்டப்பட்டு என்னடா கிடைச்சுது?” என்று போனில் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தான். “மாமா, இப்பல்லாம் மேத்ஸ் டெஸ்ட்டுக்குப் பயமே வரலை” என்றான். பிறகு பாட்டியைக் கூப்பிடச் சொன்னான். அவனுக்கு சர்க்கரைப் பொங்கல் ரெசிபி வேண்டுமாம்.