நாண்விடு கருவி

நாணிழுக்கும் விரலைக் காக்க நம் முன்னோர் ‘புட்டில்’ என்னும் விரலுறை அணிந்தனர். முகலாயர் கட்டைவிரலில் கல்மோதிரம் பூண்டனர். இன்றைய காம்பவுண்டு வில்லில் அப்பணி ‘ரிலீஸ்’ எனும் விசைக்கொக்கிக்கு உரியது. இரு கைகளுமின்றிப் பிறந்த ஜம்மு கிஷ்துவார்ச் சீத்தல் தேவி, காலால் வில்லேந்தி, தோளிற் பூட்டிய இக்கருவியால் நாணிழுத்து, வாயின் உதவியால் விடுக்கிறார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் இணைந்து வெண்கலம் வென்றார்.

நினையாமுன் கொக்கி நழுவினால் அம்பு திசைமாறும். இழுத்த கை முகத்தில் மோதும். ஆகவே விலையை நோக்காது கொக்கியை நோக்குக. வில்லிற் பூட்டுமுன் கயிற்றுக் கண்ணியொன்றை மாட்டிப் பன்முறை வலிந்திழுத்துப் பார்க்கவேண்டும். விசையைத் தொடாதபோது அசையலாகாது, தொட்டபின் தயங்கலாகாது. விளிம்பையும் தடவிப் பார்க்க. பட்டிழையைப் பிசிறாக்கும் கரடு நாண்கண்ணியையும் தின்றுவிடும். ஆரணித் தறிக்காரர்க்கு இதனை நான் சொல்லவேண்டுவதில்லை! விசையின் இறுக்கத்தைத் திருகாணியால் மாற்ற இயலவேண்டும். புதியவர் சற்றே இறுக்கி வைத்துப் பழகுதல் நலம்.