மக்கத்து அவையில் ஒரு சத்தியம்

சில மாதங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாயிலில் ஒரு மூதாட்டி நின்றிருந்தார். விதவை உதவித்தொகை கோரி மனு எழுதித் தர ஆள் தேடினார். அருகிலிருந்த கல்லூரி மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனரேயன்றி, எவரும் முன்வந்தாரில்லை. கற்ற கல்வி பிறருக்கு எவ்வாறு பயன்படும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்குறையில் ஆலிம்களாகிய எங்களுக்கும் பங்குண்டு.

அப்போது ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கை என் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்று சுமார் 20 வயது, நபித்துவம் அருளப்பெறவில்லை. யமன் நாட்டு ஸபீதிலிருந்து வந்த வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிய குறைஷிப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில், விலையைத் தர மறுத்தார். அவ்வூரில் வணிகருக்கு உற்றாருமில்லை, உறவினருமில்லை. முறையிட்டும் பயனில்லாமற் போகவே, அபூகுபைஸ் குன்றின்மீதேறி, கஅபாவைச் சூழ்ந்திருந்தோர் கேட்கக் கதறினார்.

அண்ணலாரின் தந்தையுடன் பிறந்த ஸுபைர் முதலில் எழுந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் சில குலத்தார் கூடினர். அநீதிக்குள்ளானவர் உள்ளூராராயினும் அயலாராயினும், உரிமை மீளும்வரை அவர் பக்கம் நிற்பதெனச் சத்தியம் செய்தனர். நேரே ஆஸிடம் சென்று பொருளை மீட்டுக் கொடுத்தனர். (இதே ஆஸ் பிற்காலத்தில் கொல்லரான கப்பாப் (ரலி) அவர்களின் கூலியையும் தர மறுத்தவர்!)

அந்த அவையில் பெருமானாரும் இருந்தார்கள். அதில் கலந்துகொண்டதைச் செந்நிற ஒட்டகங்களுக்கும் ஈடாகக் கொடேன் என்றும், இஸ்லாம் வந்த பின்னும் அவ்வாறு அழைக்கப்பட்டால் செல்வேன் என்றும் பின்னாளில் கூறினார்கள். நின்றது அயலானுக்காக; எதிர்த்தது சொந்தக் குறைஷியரை. மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஊர்வலத்தில் முழங்குவது எளிது. வட்டாட்சியர் அலுவலக வரிசையில் ஒரு முதியவருக்குத் துணை நிற்பதே கடினம். 1989 முதல் 18 வயதினருக்கு வாக்குரிமை உண்டு. பட்டியலில் பெயர் சேர்க்க மறந்த மாணவர்களை நான் அறிவேன். 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்தில், மனு எந்நிலையிலுள்ளது எனக் கேட்கலாம். 30 நாட்களுக்குள் விடை தரவேண்டும்.

அம்மூதாட்டியின் மனுவை அன்று நானே எழுதினேன். இப்போது வெள்ளிதோறும் இரு மாணவர்கள் பள்ளிவாசல் திண்ணையில் காகிதமும் பேனாவுமாய் அமர்கின்றனர். சென்ற வாரம் மாரியம்மன் கோயிலருகே பூ விற்கும் பெண்கள் இருவரும் வந்திருந்தனர். மூதாட்டிக்கு உதவித்தொகை இன்னும் வரவில்லை. காரணம் கேட்டு மாணவர்கள் தகவல் மனு அனுப்பியுள்ளனர்.