லிக்டன்ஸ்டைனும் எங்க புளியங்குடியும்

இன்னைக்கு ஒரு குட்டி நாட்டோட எண்களைப் பார்க்கலாம். லிக்டன்ஸ்டைன். சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவுல 160 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 40 ஆயிரம். எங்க புளியங்குடி வெறும் நகராட்சிதான். ஆனா 2011 கணக்கெடுப்புலயே 66 ஆயிரம் பேர்!

தனிநபர் ஜிடிபியில் அந்த நாடு உலகத்திலேயே முன் வரிசை. எப்படி? அங்கே வேலை பார்க்கிறவங்கள்ல பாதிக்கு மேல தினமும் பக்கத்து நாடுகள்ல இருந்து வந்து, சாயங்காலம் திரும்பிடுறாங்க. அவங்க உழைப்பு ஜிடிபியில் சேருது. ஆனா வகுக்கும்போது உள்ளூர்ல குடியிருக்கிறவங்க தலையை மட்டும்தான் எண்ணுறாங்க. அதனால எந்தச் சராசரியைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி கேளுங்க: மேலே யாரைச் சேர்த்தாங்க, கீழே யாரை விட்டாங்க?

எங்க ஊர்ல கதை தலைகீழ். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர்தான். ஆனா என்னை மாதிரி இன்ஜினியரிங் முடிச்சவங்க உழைப்பு சென்னைக் கணக்குல ஏறுது. மாசாமாசம் வீட்டுக்கு அனுப்புற பணம் ஊரோட உற்பத்தியில் வராது.

2021 கணக்கெடுப்பு தள்ளிப்போனதால, ஊரோட கடைசி எண் இன்னும் 2011தான். அப்போ நான் ஸ்கூல் பையன். அந்த 66 ஆயிரத்துல நானும் ஒருத்தன். அடுத்த கணக்கெடுப்புக்கு அறிவிச்சிருக்கிற தேதி 2027 மார்ச் 1. வழக்கமா எங்கே தங்குறோமோ அங்கேதான் எண்ணுவாங்க, நான் சென்னையில்.

இதை அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ நீ நம்ம வீட்டுக் கணக்குல இல்லையாலே?"ன்னு கேட்டாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.