ஒரு பெண் திமிங்கலமும் பின்னால் வரும் கூட்டமும்



திமிங்கலம் மீன் இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற ஜீவன். அதில் கூன்முதுகுத் திமிங்கலம் என்று ஒரு வகை. நம்ம டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கும். இதில் ஆணைவிடப் பெண்தான் பெரிசு!

கோடையில் அலாஸ்கா பக்கத்துக் குளிர்ந்த கடலில் வயிறாரத் தின்னும். குளிர்காலத்தில் சுமார் 4,800 கிலோமீட்டர் நீந்தி ஹவாய் தீவுகளுக்கு வரும். ஜோடி சேர்வதும் குட்டி போடுவதும் அங்கேதான். ஆனால் அங்கே இரை கிடையாது. திரும்பிப் போகிற வரை ஏறக்குறைய பட்டினிதான்.

சினைக்காலம் சுமார் 11 மாதம். பெரும்பாலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு குட்டி. அதனால் ஜோடி தேடும் ஆண்கள் அதிகம், தயாராக இருக்கும் பெண்கள் குறைவு. பிறகென்ன, அடிதடிதான். பெண் முன்னால் போகும். ஒரு ஆண் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகும். அந்த இடத்தைப் பிடிக்க மற்ற ஆண்கள் துரத்தும். வாலால் அடிக்கும், தலையால் இடிக்கும், தண்ணிக்குள் காற்றுக்குமிழி விட்டு மறைக்கும். ரத்தம் வந்தாலும் விடாது.

ஆண் திமிங்கலம் பாடவும் செய்யும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் இதைக் கவனித்தார்கள். 1997-இல் சுமார் 3,700 திமிங்கலம். வேட்டை நின்றுபோனதால் 2015-இல் சுமார் 27,000 ஆகிவிட்டது. எண்ணிக்கை கூடக்கூட ஆண்கள் பாட்டைக் குறைத்துவிட்டன. போட்டி அதிகமானால், பாடி ஊருக்கெல்லாம் இடத்தைக் காட்டிக்கொடுப்பானேன்?

இதில் பாவம், கைக்குட்டியோடு இருக்கிற தாய். பட்டினி கிடந்தபடியே பாலும் கொடுக்கணும், துரத்துகிறவர்களிடமிருந்து விலகியும் போகணும். அதனால் பெரும்பாலும் ஆழமில்லாத கரையோரமாகவே இருக்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் தாய்க்கும் குட்டிக்கும் ஒலி பதியும் கருவி ஒட்டிப் பார்த்தார்கள். குட்டி ரொம்ப மெதுவாக, ரகசியம் பேசுகிற மாதிரிதான் குரல் கொடுக்குதாம். சத்தம் கேட்டால் குட்டியைத் தின்னும் கொலைகாரத் திமிங்கலமும் வரும், ஆண்களும் வரும்.

பெண்களுக்குள் நட்பு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கனடாவின் செயிண்ட் லாரன்ஸ் வளைகுடாவில் ஆய்வு செய்தவர்கள் 2010-இல் சொன்னது இது. ஒரே வயசுப் பெண் திமிங்கலங்கள் சில, இரை தேடும் கோடைக்காலத்தில் மட்டும் ஒன்றாகச் சேரும். பிறகு பிரிந்துபோகும். அடுத்த கோடையில் அதே தோழியிடம் திரும்பி வரும். சில ஜோடிகள் ஆறு வருஷம் வரை இப்படி விடாமல் சேர்ந்தன. அதிக வருஷம் சேர்ந்திருந்த பெண்களே அதிகக் குட்டிகள் ஈன்றவை.